குளோரினுக்கு முன்னாடி பயோஃபில்டர்: அழுக்கான நீராதாரத்தை குடிநீராக்குறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோஃபில்டர்னா என்ன? சாதாரண மணல் ஃபில்டரும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லைங்க. சாதாரண ஃபில்டர் மிதக்கிற தூசி துரும்பு, சேறு இதைப் பிடிச்சு வைக்கும், அதோட அதன் வேலை முடிஞ்சது. தண்ணில முழுசா கரைஞ்சு போன அழுக்கு இருக்கு பாருங்க, சாக்கடை கலந்ததால வர்ற அம்மோனியா, மக்கின குப்பையோட கார்பன் சத்து, இரும்பு, மாங்கனீஸ், இதெல்லாம் மணல் இடுக்குல சர்வசாதாரணமா புகுந்து போயிடும். பயோஃபில்டர்ல மணலோ, கார்பன் குருணையோ, சுட்ட களிமண் உருண்டையோ, பிளாஸ்டிக் சக்கரமோ ஏதோ ஒரு மீடியா இருக்கும், அது மேல பாக்டீரியா வழவழன்னு ஒரு படலமா ஒட்டி வளரும், தண்ணி அந்தப் படலத்தை உரசிக்கிட்டே போகும்போது கரைஞ்சிருக்கிறதை அந்த பாக்டீரியா எடுத்து சாப்பிட்டுடும். அந்தப் படலத்துக்குத்தான் பயோஃபிலிம்னு பேர். மீடியா அதுக்கு வீடு, அவ்வளவுதான். வேலை செய்யறது உயிர். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டா கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் தானா கிடைச்சிடும்.

ஆலம் (சேறைத் திரட்டிப் படிய வைக்கிற படிகாரம்) இருக்கு, குளோரின் இருக்கு. அப்புறம் இது எதுக்கு தனியா?

அம்மோனியா இருக்கிற தண்ணில குளோரின் போட்டா அது கிருமியைக் கொல்றதுக்கு முன்னாடி அம்மோனியா கூட சேர்ந்து வீரியம் கம்மியான குளோரமினா மாறிடும். அதையும் தாண்டி நிஜமான ஃப்ரீ குளோரின், அதாவது எதோடயும் சேராத குளோரின், தண்ணில நிக்கணும்னா கணக்குப்படி 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7.6 மில்லிகிராம் குளோரின் வேணும், நடைமுறைல 8-லருந்து 10 வரை போகும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் அம்மோனியா வர்ற ஆத்துத் தண்ணின்னு வைங்க, 24-லருந்து 30 மில்லிகிராம் குளோரின் கொட்டணும். அம்மோனியா ஏறி இறங்கும்போதெல்லாம் டோஸையும் துரத்திக்கிட்டே மாத்தணும், எந்த ஆபரேட்டராலயும் ராப்பகலா அதை சரியா பிடிக்க முடியாது.

அதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. குளோரின் தண்ணில இருக்கிற கார்பன் அழுக்கோட சேர்ந்தா குளோரோஃபார்ம் மாதிரியான டிரைஹாலோமீத்தேன்கள்ங்கிற கெட்ட துணைப்பொருள் உருவாகும். இதை 1974-ல நெதர்லாந்துல ரோட்டர்டாம் குடிநீரை ஆராய்ஞ்ச யோஹானஸ் ரூக் வெளியிட்டார், அதுக்கப்புறம்தான் உலகம் பூரா "அழுக்குத் தண்ணிக்கு நிறைய குளோரின் போட்டா சுத்தமாயிடும்"ங்கிற நினைப்பு ஆட்டம் கண்டுச்சு. என்னோட தீர்மானமான கருத்து இதுதான்: ரா வாட்டர், அதாவது சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருக்கிற தண்ணி, அழுக்கா இருந்தா குளோரின் முதல் ஆயுதமா இருக்கவே கூடாது, கடைசி ஆயுதமாதான் இருக்கணும். முதல்ல பாக்டீரியாவை விட்டு அம்மோனியாவையும் சுலபமா மக்குற கார்பனையும் தின்ன வெச்சுட்டா அப்புறம் ஆலமும் கம்மியா போதும், குளோரினும் கம்மியா போதும், கெட்ட துணைப்பொருளும் கம்மியா உருவாகும்.

இது புதுசா வந்த டெக்னாலஜியா? நம்பலாமா?

புதுசே இல்லை. 1804-லயே ஸ்காட்லாந்து பெய்ஸ்லில ஜான் கிப் மணல்ல வடிகட்டி தண்ணி வித்தார், 1829-ல ஜேம்ஸ் சிம்ப்சன் லண்டன் செல்சி வாட்டர்வொர்க்ஸ்ல தேம்ஸ் தண்ணிக்கு ஸ்லோ சாண்ட் ஃபில்டர், அதாவது மணல்ல ரொம்ப மெதுவா வடிகட்டற ஃபில்டர் கட்டினார். அப்போ அவங்களுக்கு பாக்டீரியா வேலை செய்யுதுன்னே தெரியாது, மணல்தான் சுத்தம் பண்ணுதுன்னு நினைச்சாங்க.

1892 ஹாம்பர்க் காலராவைப் பத்தி படிச்சா இதோட அருமை புரியும். ஹாம்பர்க் எல்பே ஆத்துத் தண்ணியை வடிகட்டாம அப்படியே ஊருக்கு விட்டுச்சு. பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருந்த அல்டோனா, ஹாம்பர்க்கோட சாக்கடை கலந்ததுக்கு அப்புறம் கீழ்ப்பக்கத்துல தண்ணி எடுத்துச்சு, அதாவது இன்னும் மோசமான தண்ணி, ஆனா மெதுவா மணல்ல வடிகட்டி விட்டுச்சு. ஹாம்பர்க்ல 8,000 பேருக்கு மேல செத்தாங்க, அல்டோனால பாதிப்பு ரொம்பக் கம்மி. ரெண்டு ஊருக்கும் நடுவுல வெறும் தெருதான் எல்லை.

இந்தக் காலத்துக்கு வந்தா ஜெர்மனில ரூர் ஆத்தங்கரைல முல்ஹைம் ஊர்ல 1970-கள்ல, அதுவரைக்கும் அம்மோனியாவுக்காக போட்டுக்கிட்டு இருந்த அதிக குளோரினை நிறுத்திட்டு ஓசோனும் பாக்டீரியா வளர்ந்த கார்பன் ஃபில்டரும் வெச்சு அதே வேலையை முடிச்சாங்க. ஹாங்காங்குக்கு டோங்ஜியாங் ஆத்துத் தண்ணி போற வழில ஷென்ஜென் நீர்த்தேக்கத்துக்கிட்ட 1990-களோட கடைசில ஒரு பயோ ட்ரீட்மென்ட் நிலையம் கட்டினாங்க, ஒரு நாளைக்கு 40 லட்சம் கன மீட்டர் அளவுக்கு, முழுக்க முழுக்க அம்மோனியாவைக் குறைக்கத்தான்.

பாக்டீரியா அம்மோனியாவை என்னதான் பண்ணுது?

ரெண்டு கட்டமா எரிக்குது. முதல்ல நைட்ரோசோமோனாஸ் மாதிரி ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், அடுத்து நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் மாதிரி இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். ரெண்டையும் ஒரே பாக்டீரியாவே செய்யற வகையும் இருக்குன்னு 2015-ல கண்டுபிடிச்சாங்க, அதுவும் நைட்ரோஸ்பைரா குடும்பம்தான், குடிநீர் ஃபில்டர் மணல்ல அது நிறையவே இருக்கு.

இங்க டிசைன் பண்றவங்க தடுக்கி விழற இடம் ஆக்ஸிஜன். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுசா மாத்த கிட்டத்தட்ட 4.6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேணும். நல்ல தண்ணிலயே 25 டிகிரில அதிகபட்சம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்ஸிஜன் கரையும், அழுக்கான ஆத்துல அது பாதிகூட இருக்காது. ஆக காத்து ஊதாம விட்டா ஒன்றரை மில்லிகிராம் அம்மோனியாவுக்கு மேல பாக்டீரியாவால தாங்க முடியாது, எவ்வளவு பெரிய ஃபில்டர் கட்டினாலும் சரி. அதனாலதான் அம்மோனியா அதிகமா வர்ற இடத்துல அடில இருந்து காத்து ஊதுற மாதிரி கட்டறாங்க.

இன்னொண்ணு ஆல்கலினிட்டி, அதாவது பிஹெச் (அமில-கார அளவு) இறங்காம தாங்கிப் பிடிக்கிற தண்ணியோட சக்தி. 1 மில்லிகிராம் நைட்ரஜனுக்கு கால்சியம் கார்பனேட் கணக்குல 7.1 மில்லிகிராம் ஆல்கலினிட்டி காலியாகும். மென்மையான தண்ணியா இருந்தா பிஹெச் சரசரன்னு இறங்கி பாக்டீரியாவே படுத்துடும். 7-லருந்து 8.5 வரைக்கும் பிஹெச் இருந்தா அதுங்க சந்தோஷமா இருக்கும்.

அப்போ அம்மோனியா போய் நைட்ரேட் வருதே, அது கெடுதல் இல்லையா?

நியாயமான கேள்வி. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சுமார் 4.4 மில்லிகிராம் நைட்ரேட்டா மாறும். உலக சுகாதார நிறுவனம் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம்னு எல்லை வெச்சிருக்கு. 3 மில்லிகிராம் அம்மோனியா மாறினா 13 மில்லிகிராம் கூடும், ஆத்துல ஏற்கனவே இருக்கிறதோட கூட்டிப் பாருங்க, எல்லைக்குள்ள இருந்தா கவலை இல்லை. விவசாய நிலத்து உரம் வழிஞ்சு ஏற்கனவே நைட்ரேட் 40-ஐத் தொட்டிருக்கிற ஆதாரமா இருந்தா மட்டும் தனியா யோசிக்கணும், ஆக்ஸிஜன் இல்லாத இன்னொரு கட்டம் வெச்சு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா வெளியேத்தணும், அது வேற வேலை, வேற செலவு.

எத்தனை வகை இருக்கு? எதைத் தேர்ந்தெடுக்கறது?

இடம் நிறைய இருந்து, தண்ணி ரொம்பக் கலங்கலா இல்லாம இருந்தா ஸ்லோ சாண்ட் ஃபில்டர் மாதிரி நம்பகமானது ஒண்ணும் இல்லை. மணிக்கு 0.1-லருந்து 0.3 மீட்டர் வேகத்துலதான் தண்ணி இறங்கும், மணலோட மேல்தோல்ல ஒரு உயிர்ப்படலம் உண்டாகி அதுதான் முக்கால்வாசி வேலை பார்க்கும். கலங்கல் 10 என்டியுவை (கலங்கலை அளக்கற அலகு) தாண்டினா சீக்கிரம் அடைச்சுக்கும், அப்போ அதுக்கு முன்னாடி ஜல்லி நிரப்பின ரஃபிங் ஃபில்டர் வெச்சுக்கலாம்.

இடம் கம்மி, அம்மோனியா அதிகம்னா ஏரேட்டட் பயோஃபில்டர். களிமண் உருண்டை பெட்ல அடில இருந்து காத்து, தண்ணி மேலயோ கீழயோ போகும், அரை மணிக்குள்ள வேலை முடியும், ஆனா பேக்வாஷ், அதாவது தண்ணியைத் திருப்பி விட்டு அலசறது வேணும். பேக்வாஷே வேண்டாம், அடைப்பும் வேண்டாம்னா எம்பிபிஆர், அதாவது தொட்டில மிதந்து சுத்துற பிளாஸ்டிக் மீடியா, ஒரு கன மீட்டர் மீடியால 500 சதுர மீட்டர் அளவுக்கு பாக்டீரியா ஒட்ட இடம் கிடைக்கும். ஆனா அது எதையும் வடிகட்டாது, உதிர்ற படலத்தைப் பின்னாடி வர்ற கட்டம்தான் பிடிக்கணும். குடிநீர்ல ஆலம் போட்டு படிய வைக்கிற தொட்டி எப்படியும் பின்னாடி இருக்குங்கிறதால இது பெரிய குறை இல்லை.

ஆத்தங்கரை மணல் நல்லா இருந்தா கரைல கிணறு தோண்டி தண்ணி எடுக்கறது இதுல ரொம்பப் பழைய முறை. ஆத்துக்கும் கிணத்துக்கும் நடுவுல இருக்கிற மண்ணே பயோஃபில்டர். ஜெர்மனில ட்யூசல்டார்ஃப் 1870-லருந்து ரைன் ஆத்தங்கரைல இப்படித்தான் எடுக்குது, இந்தியால ஹரித்வார்லயும் கங்கைக் கரைல இருக்கு. இடம் அமைஞ்சா இதைத்தான் நான் முதல்ல பார்க்கச் சொல்லுவேன்.

போட்ட உடனே வேலை செய்யுமா?

செய்யாது. இதைத்தான் யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. கார்பன் சாப்பிடுற பாக்டீரியா வேகமா பெருகும், ஆனா அம்மோனியாவை சாப்பிடுறது ரொம்ப நிதானம், ஒண்ணு ரெண்டாகவே பல மணி நேரத்துல இருந்து ஒரு நாளுக்கு மேல கூட ஆகும். சூடான காலத்துல சில வாரம், குளிர்ல அதைவிட நிறைய நாள் பிடிக்கும். மாங்கனீஸ் எடுக்கற ஃபில்டர்னா மாசக்கணக்குல காத்திருக்கணும்.

இந்த ஆரம்ப காலத்துல இன்னொரு ஆபத்து நைட்ரைட். முதல் கூட்டம் எழுந்துடும், ரெண்டாவது கூட்டம் இன்னும் எழுந்திருக்காது, நடுவுல நைட்ரைட் குவியும். நைட்ரைட் உடம்புக்கும் கெடுதல், குளோரினையும் தின்னும், 1 மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் சுமார் 5 மில்லிகிராம் குளோரினை காலி பண்ணும். அம்மோனியா குறைஞ்சுடுச்சுன்னு மட்டும் பார்த்து சந்தோஷப்படாதீங்க, நைட்ரைட்டையும் சேர்த்து அளங்க.

பாக்டீரியா பவுடர் வாங்கிப் போட்டா சீக்கிரம் ஆகுமா?

எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. தேவையான பாக்டீரியா ஆத்துத் தண்ணிலயே இருக்கு, அந்தத் தண்ணிக்கும் அந்த வெயிலுக்கும் பழகினதும் அதுதான். நாற்றங்கால்ல இருந்து நாத்தைப் பிடுங்கி வயல்ல நடற மாதிரி, ஏற்கனவே நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற ஃபில்டர்ல இருந்து கொஞ்சம் மீடியாவை ஈரம் காயாம எடுத்துட்டு வந்து புது பெட்ல கலந்தா நாள் நிஜமாவே குறையும். வேற அவசரம் வேண்டாம்.

பாக்டீரியாவை வளர்த்துட்டு அதையே குடிக்கச் சொல்றீங்களா?

இந்த பயம் வர்றது சகஜம்தான். படலத்துல வளர்றது பெரும்பாலும் மண்ணுலயும் ஆத்துலயும் வாழற, மனுஷனுக்கு நோய் தராத வகை. நோய்க்கிருமிக்கு அந்த இடம் ஒத்துவராது, சாப்பாட்டுப் போட்டில தோத்துப்போகும், பெரிய நுண்ணுயிர் அதைத் தின்னும். ஆனாலும் பயோஃபில்டர்ல இருந்து வர்ற தண்ணி குடிநீர் இல்லை, இதை நல்லா அழுத்திச் சொல்றேன். இது முன்கட்டம் மட்டும்தான். பின்னாடி ஆலம், படியவைக்கறது, வடிகட்டறது, கடைசில கிருமிநீக்கம் எல்லாம் கண்டிப்பா வேணும். பயோஃபில்டர் இருக்கேன்னு குளோரினை நிறுத்தறது உயிரோட விளையாடற வேலை.

பேக்வாஷுக்கு குளோரின் தண்ணி பயன்படுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். பிளான்ட்ல கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறது சுத்தமான குளோரின் தண்ணிதான், அதைத் திருப்பி விடறது சுலபம், ஆனா வாரக்கணக்குல வளர்ந்த படலம் அடிபட்டுப்போகும். குளோரின் போடறதுக்கு முன்னாடி இருக்கிற தண்ணிக்கு தனி லைன் ஒண்ணு முதல்லயே டிசைன்ல வெச்சுடுங்க. அதே மாதிரி இன்டேக்ல (ஆத்துல இருந்து தண்ணி எடுக்கிற இடத்துல) பாசிக்காக முன் குளோரின் போடற பழக்கம் இருந்தா பயோஃபில்டர் வந்த அன்னிக்கே அதை நிறுத்தணும். ரெண்டும் ஒரே பைப்ல ஒத்துப்போகாது. பேக்வாஷ் ரொம்ப பலமாவும் பண்ணக்கூடாது, படலம் மொத்தமும் உரிஞ்சு போகாம, அடைச்சிருக்கிற சேறு மட்டும் வெளில வர்ற அளவுக்கு போதும்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

காத்து நின்னுடும். படலத்துக்குள்ள இருக்கிற பாக்டீரியா மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும், இருக்கிற ஆக்ஸிஜனை சீக்கிரமே தீர்த்துடும். அப்புறம் பிடிச்சு வெச்சிருந்த மாங்கனீஸ், இரும்பு திரும்ப கரைய ஆரம்பிக்கும், நாத்தமும் வரும். ஜெனரேட்டர்ல பம்ப்பை மட்டும் சேர்த்துட்டு காத்து ஊதுற ப்ளோயரை விட்டுடறாங்க, அது தப்பு. நீண்ட நேரம் நின்னுட்டு ஓட்டும்போது முதல் கொஞ்ச நேரத் தண்ணியை அடுத்த கட்டத்துக்கு அனுப்பாம வெளில விட்டுடுங்க.

இது எதையெல்லாம் எடுக்காது?

உப்பை எடுக்காது. ஃப்ளோரைடை எடுக்காது. ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களுக்கு இதை நம்பக்கூடாது. மக்கவே மக்காத பூச்சிமருந்து, பிஃபாஸ் (PFAS) மாதிரி இயற்கைல சிதையாத ரசாயனம் இதுக்கெல்லாம் பாக்டீரியாகிட்ட பதில் கிடையாது. தொழிற்சாலைக் கழிவு திடீர்னு வந்தா எடுக்கறது இருக்கட்டும், படலமே செத்துடும். அதனால மேல்பக்கத்துல சாயப்பட்டறையோ முலாம் பூசற பட்டறையோ இருந்தா அந்தக் கழிவை அங்கேயே நிறுத்த வைக்கறதுக்குத்தான் முதல்ல போராடணும். மனுஷக் கழிவுக்கு பயோஃபில்டர் மருந்து, ரசாயனக் கழிவுக்கு இல்லை.

தண்ணில மண்வாசனை, பாசி வாசனை வருது. அது போகுமா?

நல்லாவே குறையும். அந்த வாசனைக்கு முக்கிய காரணம் ஜியோஸ்மின், எம்ஐபின்னு ரெண்டு பொருள், பாசியும் சில பாக்டீரியாவும் உண்டாக்கறது. லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே நிறைய பேரோட மூக்கு கண்டுபிடிச்சிடும். ஆலமும் குளோரினும் இதுகிட்ட கிட்டத்தட்ட தோத்துடும், ஆனா பழகின பாக்டீரியா இதை உடைச்சிடும். வாசனை வருதேன்னு ஏரில காப்பர் சல்ஃபேட் தூவிடாதீங்க. பாசி செத்து வெடிச்சு இருந்த வாசனையெல்லாம் மொத்தமா தண்ணில இறங்கும், தாமிரம் ஃபில்டர் பாக்டீரியாவையும் பதம் பார்க்கும்.

இரும்பு, மாங்கனீஸ் ரெண்டையும் ஒரே ஃபில்டர்ல எடுக்கலாமா?

அளவு கம்மின்னா முடியும். ஆனா ஒரு வரிசை இருக்கு: முதல்ல இரும்பு, அப்புறம் அம்மோனியா, கடைசிலதான் மாங்கனீஸ். அம்மோனியா முழுசா தீராம மாங்கனீஸ் சரியா போகாது. ரெண்டும் அதிகமா இருந்தா ரெண்டு கட்டமா பிரிச்சிடறது நிம்மதி.

குளிர் காலத்துல?

10 டிகிரிக்குக் கீழ வேகம் நல்லா குறையும், 5-க்குக் கீழ அம்மோனியா வேலை ரொம்ப மந்தமாயிடும். குளிர் பிரதேசத்துல பெட்டை பெருசா கட்டணும், இல்லைன்னா தண்ணி மண்ணுக்குள்ள வெப்பம் மாறாம வர்ற கரைக்கிணறு முறைக்குப் போகணும்.

வீட்டு அளவுல செய்யலாமா?

பயோசாண்ட் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, கனடால கால்கரி பல்கலைக்கழகத்துல டேவிட் மான்ஸ் 1990-கள்ல உருவாக்கினது. ஸ்லோ சாண்ட் ஃபில்டரையே விட்டு விட்டு தண்ணி ஊத்தற மாதிரி மாத்தினார். தண்ணி ஓட்டம் நின்ன அப்புறமும் மணலுக்கு மேல 5 சென்டிமீட்டர் தண்ணி நிக்கற மாதிரி வெளிக்குழாய் உயரம் இருக்கணும், அதைவிட ஆழமா நின்னா காத்து கீழ இறங்காது, மணல் காஞ்சாலும் படலம் செத்துடும். ஒரு தடவை ஊத்தினா அடுத்ததுக்கு குறைஞ்சது 1 மணி நேரம், அதிகபட்சம் 48 மணி நேரம் இடைவெளி. பழுக்க 30 நாள் வரைக்கும் ஆகலாம். வடிச்ச தண்ணியை அப்புறமும் கொதிக்க வெச்சோ குளோரின் போட்டோதான் குடிக்கணும்.

ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

உள்ள வர்ற அம்மோனியா, வெளில போற அம்மோனியா, வெளில நைட்ரைட், வெளில ஆக்ஸிஜன். இந்த நாலும் தினமும். வெளில ஆக்ஸிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழ போச்சுன்னா பாக்டீரியா மூச்சுத்திணறுதுன்னு அர்த்தம். ஹெட் லாஸ், அதாவது அடைப்பால ஃபில்டர்ல தண்ணி இழக்கிற அழுத்தம், ஏறுற வேகத்தையும் எழுதி வைங்க. சேறே வராத நாள்லயும் அது வேகமா ஏறினா படலம் பிசுபிசுப்பா வளருது, பல நேரம் தண்ணில பாஸ்பரஸ் பத்தாததுதான் காரணம். சத்து பத்தாத பாக்டீரியா பிசினை அதிகமா சுரக்கும், கொஞ்சூண்டு பாஸ்பாரிக் ஆசிட் சேர்த்தா அடைப்பு குறையறது உண்டு.

கட்டறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

முழு சைஸ்ல கட்டறதுக்கு முன்னாடி சின்னதா, ஆள் உயரத்துக்கு ஒரு சோதனைக் குழாய்ல அதே மீடியாவை நிரப்பி, அதே ஆத்துத் தண்ணியை ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்க. கோடைல அம்மோனியா ஏறும், மழைல கலங்கல் ஏறும், ரெண்டையும் அது பார்க்கணும். மூணு மாசம் ஓட்டிட்டு நல்ல சீசன் ரிசல்ட்டை மட்டும் வெச்சு டெண்டர் விட்டா மோசமான சீசன்ல தண்ணி குடிக்கிற ஜனங்கதான் மாட்டிக்குவாங்க. அந்தச் சோதனைக் குழாயை ஓட்டற ஆபரேட்டரையே பின்னாடி பெரிய பிளான்ட்டுக்கும் போடுங்க, அந்தத் தண்ணியோட குணம் அவங்களுக்குத்தான் அத்துப்படியா தெரிஞ்சிருக்கும்.